'சேமி' பொத்தான் எந்தப் பக்கம்?

ஒரே புரோகிராம், இரண்டு முகம்! நஷ்டம் யாருக்கு?

விளாத்திகுளம் வைப்பாற்றங்கரை ஊர். சுற்றிலும் கரிசல் பூமி. மிளகாய் வத்தலும் மல்லியும் உளுந்தும் விளைகிற சீமை. தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் இருக்கிறது.

அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் அண்ணன் ஒருவன், தங்கை ஒருத்தி. அண்ணன் பிளஸ்-2 படித்தபோது அரசு பள்ளிக்கூடத்தில் இலவச லேப்டாப் வாங்கினான். தங்கை இப்போது கல்லூரிக்குப் போகிறாள். கல்லூரியில் உள்ள கம்ப்யூட்டர்களில் விண்டோஸ்தான் பழக்கம். வீட்டில் அண்ணனின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுகிறது.

ஒரு நாள் இரவு அவள் அதில் உட்கார்ந்து 2 மணி நேரம் கட்டுரை டைப் அடித்தாள். முடித்ததும் மூடினாள். "சேமிக்கட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. மூன்று பொத்தான்கள் வரிசையாக வந்தன. வழக்கப்படி இடது கோடியில் இருந்ததை அழுத்தினாள்.

கட்டுரை போயே போய்விட்டது!

"அண்ணே, என் கட்டுரையைக் காணோமே!"

"நீ எதை அமுக்கினே?"

"எப்பவும் அமுக்குற இடத்துலதான் அமுக்கினேன்!"

இது கற்பனை வீடு. ஆனால் பொத்தான் இடம் மாறி இருப்பது கற்பனை அல்ல.

எழுத்து வேலை செய்யும் 'லிப்ரே ஆபீஸ்' என்ற இலவச புரோகிராமை எடுத்துக் கொள்வோம். விண்டோஸில் அது கேள்வி கேட்கும்போது 'சேமி' என்பது முதலில், இடது கோடியில் வரும். லினக்ஸில் 'க்னோம்' என்ற முகப்பு உள்ள கம்ப்யூட்டரில் 'சேமி' வலது கோடிக்குப் போய்விடும். இடது கோடியில் நிற்பது 'சேமிக்காதே'!

புரோகிராம் ஒன்றுதான். முகம் மட்டும் இரண்டு.

இரண்டு வீடு, இரண்டு வழக்கம்

கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் வேலைக்கு வருவது இயங்குதளம். அதுதான் வீட்டுக்கு எஜமானர். விண்டோஸ் ஒரு எஜமானர். ஆப்பிள் கம்பெனியின் மேக் இன்னொருவர். யாரும் இலவசமாக எடுத்துக் கொள்ளக்கூடிய லினக்ஸ் மூன்றாமவர். எழுதுவது, படம் பார்ப்பது, கணக்குப் போடுவது போன்ற மற்ற புரோகிராம்கள் எல்லாம் அந்த வீட்டுக்கு வரும் விருந்தாளிகள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கம் உண்டு.

விண்டோஸில் ஜன்னலை மூடும் பெருக்கல் குறி வலது மூலையில் இருக்கும். மேக்கில் மூடும் பொத்தான் இடது மூலையில். விண்டோஸில் 'சரி' முதலில், 'வேண்டாம்' அடுத்து. மேக்கில் 'சரி' வலது கோடியில். விண்டோஸில் புரோகிராமின் கட்டளைப் பட்டியல் அதனதன் ஜன்னலுக்குள் இருக்கும். மேக்கில் அது திரையின் உச்சியில் போய் உட்காரும்.

மேக் 1984-ல் வந்தது. விண்டோஸின் முதல் பதிப்பு 1985-ல் வந்தது. "எங்கள் திரையின் தோற்றத்தையும் நடப்பையும் காப்பி அடித்துவிட்டார்கள்" என்று ஆப்பிள் கம்பெனி 1988-ல் மைக்ரோசாப்ட் மீது கோர்ட்டுக்குப் போனது. பல ஆண்டுகள் நடந்த வழக்கில் ஆப்பிள் தோற்றது. ஒரு முகத்துக்காக இத்தனை சண்டை!

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு இந்த இரண்டு முக விவகாரம் வந்தது இலவச லேப்டாப்போடுதான்.

அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. அதில் கொடுக்கப்பட்ட பல லேப்டாப்களில் விண்டோஸ், 'பாஸ்' லினக்ஸ் இரண்டும் இருந்தன. திறக்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். 'பாஸ்' என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட இந்திய லினக்ஸ். அதன் பல பதிப்புகள் க்னோம் முகப்போடு வந்தவை.

அதாவது, கிராமத்துப் பிள்ளைகள் முதன்முதலாகத் தொட்ட கம்ப்யூட்டரிலேயே இரண்டு வீடுகள் இருந்தன!

2025 மார்ச் மாத பட்ஜெட்டில் தமிழக அரசு இன்னொரு அறிவிப்பு செய்தது. கல்லூரி மாணவ, மாணவிகள் 20 லட்சம் பேருக்கு 2 ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லட் என்பதே அது. பழைய லேப்டாப் மூலையில் இருக்கும் வீட்டுக்குள் புதியதும் வருகிறது.

துறைமுகம் சொல்லும் நியாயம்

அப்படியானால் லிப்ரே ஆபீஸ் செய்தது தப்பா? எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பொத்தான் வைத்திருந்தால் தங்கையின் கட்டுரை பிழைத்திருக்குமே?

அவசரப்படக் கூடாது. தூத்துக்குடி துறைமுகத்தைப் பாருங்கள்.

கடலில் கப்பல் போகும் பாதையைக் காட்ட மிதவைகள் போட்டிருப்பார்கள். வெளிக் கடலில் இருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை இடது கைப்பக்கம் இருக்கும். பச்சை வலது கைப்பக்கம். இந்தியா, ஐரோப்பா எல்லாம் இப்படித்தான். அமெரிக்கா, ஜப்பான் நாடுகளில் இதற்கு நேர் எதிர்! அங்கே சிவப்பு வலது பக்கம். உலகத்தில் இரண்டு முறைதான் இருக்கவேண்டும் என்று 1980-ல் ஒப்பந்தம் ஆயிற்று. இரண்டையும் ஒன்றாக்க முடியவில்லை.

தூத்துக்குடியில் இருந்து அமெரிக்கா போகும் கப்பலின் கேப்டன் என்ன செய்வார்? "எங்கள் ஊரில் சிவப்பு இடது பக்கம்" என்று பிடிவாதம் பிடித்தால் கப்பல் தரை தட்டும். அந்தத் துறைமுகத்தின் முறைப்படிதான் போகவேண்டும்.

புரோகிராமும் அப்படியே. லினக்ஸ் வீட்டில் பத்து புரோகிராம்கள் 'சேமி'யை வலது பக்கம் வைத்திருக்க, ஒன்று மட்டும் இடது பக்கம் வைத்தால், அந்த வீட்டிலேயே வளர்ந்தவர்கள் தினமும் தடுக்கி விழுவார்கள். தங்கைக்கு நேர்ந்தது இரண்டு துறைமுகத்துக்கும் போய் வருகிறவர்களின் கஷ்டம். அது உண்மையான கஷ்டம்தான். ஆனால் ஒரே வீட்டில் இருப்பவர்கள் தொகை அதைவிடப் பெரிது.

முகம் ஏன் மாறுகிறது?

லிப்ரே ஆபீஸ் வீட்டுக்கு வீடு வேஷ்டியை மாற்றிக் கட்டிக் கொள்கிறது. எல்லா புரோகிராமும் அப்படி இல்லை. பல புரோகிராம்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் தன் உடுப்போடுதான் போகின்றன.

காரணம் பணம்.

விண்டோஸுக்கு ஒரு முறை, மேக்குக்கு ஒரு முறை, லினக்ஸுக்கு ஒரு முறை என்று ஒரே புரோகிராமை மூன்று தடவை எழுதவேண்டும் என்றால் மூன்று கூட்டம் ஆட்கள் வேண்டும். மூன்று சம்பளம். ஒரே தடவை எழுதி மூன்றிலும் ஓட்டினால் மிச்சம்!

இந்த ஆசை பழைய ஆசை. 1995-ல் அமெரிக்காவின் சன் கம்பெனி 'ஜாவா' என்ற மொழியை வெளியிட்டது. "ஒரு முறை எழுது, எங்கும் ஓட்டு" என்பதே அதன் கோஷம். நம் நாட்டு வருமான வரித்துறையும் கணக்குத் தாக்கல் செய்ய ஜாவாவில் எழுதிய புரோகிராமைப் பல ஆண்டுகள் வழங்கியது.

ஜாவா முதலில் அந்தந்த வீட்டின் பொத்தான்களையே கேட்டு வாங்கிப் பயன்படுத்தியது. மூன்று வீட்டுக்கும் பொதுவாக இருந்தவை கொஞ்சமே. அதனால் பிற்பாடு தானே பொத்தான்களை வரையத் தொடங்கியது. எங்கும் ஓடியது உண்மை. ஆனால் எந்த வீட்டிலும் அது அயலாராகவே தெரிந்தது.

'பயர்பாக்ஸ்' என்ற பிரவுசர் வேறு வழி போனது. 2008-ல் வந்த அதன் 3-வது பதிப்பு விண்டோஸுக்கு ஒரு தோற்றம், மேக்குக்கு ஒரு தோற்றம், லினக்ஸுக்கு ஒரு தோற்றம் என்று தனித்தனியே அணிந்து வந்தது. உள்ளே இருந்தது ஒரே எந்திரம். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

இப்போது பரவலாக இருப்பது 'எலக்ட்ரான்' முறை. 2013-ல் தோன்றியது. வெப்சைட் எழுதுகிற மாதிரியே புரோகிராமை எழுதிவிடுவார்கள். அதைக் காட்டுவதற்கு ஒரு முழு பிரவுசரையும் கூடவே கட்டி அனுப்பிவிடுவார்கள். இப்படி நான்கு புரோகிராம் திறந்தால், திரைக்குப் பின்னால் நான்கு பிரவுசர் ஓடுகிறது! விருந்துக்கு வருகிறவர் அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் தூக்கிக்கொண்டு வருவது போலத்தான்.

வீடு பெரிதாக இருந்தால் பாதகம் இல்லை. 2011-ல் கொடுத்த லேப்டாப்பின் மெமரி 2 ஜிபி. அந்த இடத்தில் நான்கு அடுப்பை எங்கே வைப்பது?

வாட்சப் செய்த மாற்றம்

எல்லோருக்கும் தெரிந்த வாட்சப்பையே பார்க்கலாம்.

செல்போனில் மட்டும் அல்ல, கம்ப்யூட்டரிலும் வாட்சப் உண்டு. விண்டோஸுக்கு வந்த பழைய வாட்சப் எலக்ட்ரான் முறையில் செய்தது. 2022 ஆகஸ்டில் அதை மாற்றினார்கள். விண்டோஸுக்கு என்றே தனியாக எழுதிய வாட்சப் வந்தது. வேகமாகத் திறந்தது. அந்த வீட்டுப் பிள்ளை மாதிரி நடந்து கொண்டது.

மூன்று ஆண்டுதான்! 2025-ன் இறுதியில் அதைக் கைவிட்டார்கள். வாட்சப் வெப்சைட்டையே ஒரு ஜன்னலுக்குள் வைத்துக் காட்டும் முறைக்குத் திரும்பினார்கள். மெமரியை முன்பைவிட அதிகம் பிடிக்கிறது என்று சோதித்துப் பார்த்தவர்கள் தெரிவித்தனர்.

வாட்சப்பின் சொந்தக்காரர் மெட்டா கம்பெனி. உலகத்தின் பெரிய பணக்காரக் கம்பெனிகளில் ஒன்று. அவர்களே ஒரு வீட்டுக்குத் தனி உடுப்பு தைக்கவில்லை என்றால், சின்னக் கம்பெனிகளைக் குறை சொல்லி என்ன பயன்?

கம்பெனிக்கு மிச்சமான செலவு மறைந்து போவதில்லை. கம்ப்யூட்டரின் மெமரியாகவும், காத்திருக்கும் நேரமாகவும் வாங்கியவர் தலையில் விழுகிறது.

கண் தெரியாதவர் கேட்பது

பொத்தான் அழகாக இருக்கிறதா என்பது அல்ல விஷயம். இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது.

கண் பார்வை இல்லாதவர்களும் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் புரோகிராம் அவர்களுக்குத் துணை. 'என்.வி.டி.ஏ.' என்பது அப்படி ஒன்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பேர் அதை உருவாக்கினார்கள். இருவருமே கண் பார்வை இல்லாதவர்கள். 2006-ல் தொடங்கிய வேலை அது. விலை கிடையாது. தமிழையும் படிக்கும்.

என்.வி.டி.ஏ. எப்படிப் படிக்கிறது? திரையைக் கண்ணால் பார்த்து அல்ல. "இது பொத்தான், இதன் பெயர் 'சேமி'" என்று இயங்குதளம் காதில் சொல்கிறது. அதை அப்படியே வாய்விட்டுச் சொல்கிறது.

வீட்டுப் பொத்தானைப் பயன்படுத்திய புரோகிராமுக்கு இந்த வசதி தானாகவே கிடைத்துவிடுகிறது. எழுதியவர் பெரிதாக ஒன்றும் செய்யவேண்டியது இல்லை.

புரோகிராம் தானே ஒரு பொத்தானை வரைந்தால்? கண்ணுக்கு அது பொத்தான். இயங்குதளத்துக்கு அது வெறும் படம். எழுதியவர் மெனக்கெட்டு அதற்கும் பெயர் சொல்லிவைத்தால் உண்டு. மறந்துவிட்டால் என்.வி.டி.ஏ. வாய் திறக்காது. பார்வை இல்லாதவருக்கு அந்த இடத்தில் சுவர்!

சுப்ரீம் கோர்ட்டு இந்தப் பிரச்சினையைத் தொட்டுவிட்டது. திராவக வீச்சுக்கு ஆளானவர்களும் கண் பார்வை இல்லாத ஒருவரும் வழக்குப் போட்டார்கள். "பாங்கி அடையாளச் சோதனையில் கண் சிமிட்டச் சொல்கிறார்கள், நாங்கள் எப்படிச் சிமிட்டுவது?" என்பது அவர்கள் முறையீடு. 2025 ஏப்ரல் 30-ந் தேதி தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் வசதியைப் பெறுவது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு கொடுக்கும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று கோர்ட்டு கூறியது. 20 உத்தரவுகளும் போட்டது.

திரையில் ஒரு பொத்தான் பேசாமல் இருப்பது, இனிமேல் வெறும் அசவுகரியம் அல்ல. உரிமைப் பிரச்சினை.

கொம்பு இடம் மாறும்!

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு.

'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. ஆனால் கம்ப்யூட்டர் அதை உள்ளே சேமிக்கும்போது முதலில் 'க', பிறகு கொம்பு என்றே வைக்கிறது. 'யூனிகோடு' முறையின் ஏற்பாடு அது. தமிழ் அதில் 1991-ல் இடம் பெற்றது. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது எழுத்தைக் கோக்கும் எந்திரத்தின் வேலை. இயங்குதளங்களில் அந்த எந்திரம் இருக்கிறது.

தானே எல்லாம் வரைவேன் என்று வரும் புரோகிராம் அந்த எந்திரத்தையும் ஒதுக்கிவிட்டால் என்ன ஆகும்? கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொ' என்ற எழுத்தில் கொம்பும் காலும் பிய்ந்து தொங்கும். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால் எழுதியவருக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. கம்ப்யூட்டரையே தமிழுக்கு மாற்றி வைத்தவர்கள் இருக்கிறார்கள். 'சரி', 'ரத்து' என்று எல்லாம் தமிழில் வரும். வீட்டுப் பொத்தான்களைக் கேட்டு வாங்கும் புரோகிராமில், கோப்பைத் திறக்கும் ஜன்னல் தானாகத் தமிழில் வந்துவிடும். தன் ஜன்னலைத் தானே வரையும் புரோகிராமில் அது ஆங்கிலத்திலேயே நிற்கும். ஆங்கிலம் தெரியாத தாய் அங்கே மகளைக் கூப்பிடத்தான் வேண்டும்.

எதிர்ப்பக்கமும் பேசவேண்டும்

எலக்ட்ரானை மட்டும் திட்டுவது நியாயம் ஆகாது.

தமிழ் எழுத்து விஷயத்தில் அது தேவலை! கூடவே வரும் பிரவுசரில் 'ஹார்ப்பஸ்' என்ற எழுத்து கோக்கும் எந்திரம் இருக்கிறது. பாரசீகப் பெயர். பயர்பாக்ஸிலும் லிப்ரே ஆபீஸிலும் இருப்பது அதுவே. கொம்பை அது இடம் தவறாமல் வைக்கும். கனத்த சுமைக்குள் இந்த நன்மையும் இருக்கிறது.

லினக்ஸ்காரர்களும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்வார்கள். ஒரே தடவை எழுதும் முறை இல்லாவிட்டால் பல கம்பெனிகள் லினக்ஸைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டா. அயல் உடுப்போடு வந்தாலும், வந்தார்களே!

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனியின் ஆபீஸ் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் 'அரட்டை' 2021-ல் வந்தது. 2025 செப்டம்பரில் திடீர் என்று நாடு முழுவதும் பேச்சானது. செய்தி அனுப்பும் ஆப் எதுவானாலும் செல்போன், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் ஓடியாக வேண்டும். எந்த வீட்டுக்கு எந்த உடுப்பு என்ற கேள்வி இனி கலிபோர்னியாவில் மட்டும் முடிவு ஆகிற கேள்வி அல்ல. குற்றாலத்துக்குப் பக்கத்திலும் முடிவு ஆகலாம்.

டெண்டரில் ஒரு வரி

எல்லாவற்றையும் வீட்டு வழக்கப்படிதான் செய்யவேண்டும் என்பது இல்லை. படம் திருத்தும் புரோகிராமுக்கு அதன் பட்டறை எங்கும் ஒரே மாதிரி இருந்தால்தான் வேலைக்காரருக்கு வசதி. நிறம், உருண்ட மூலை, படம் எல்லாம் அவரவர் விருப்பம். 'சரி'யும் 'வேண்டாம்' என்பதும் நிற்கும் இடம், சாவிகளின் வேலை, எழுத்து, படித்துச் சொல்லும் வசதி ஆகிய நான்கில் மட்டும் விருந்தாளி வீட்டுக்கு அடங்கவேண்டும்.

கம்பெனிகள் தாங்களாக இதைச் செய்யுமா? வாங்குகிறவர் கேட்டால் செய்யும். தமிழ்நாட்டில் பெரிய வாங்குகிறவர் அரசுதான். லேப்டாப்புக்கு டெண்டர் விடும்போது மெமரி இத்தனை, டிஸ்க் இத்தனை என்று எல்காட் நிறுவனம் வரி வரியாக எழுதுகிறது. அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் புரோகிராம் வாங்கும் டெண்டர்களில், "தமிழில் கொம்பு சரியாக விழவேண்டும், படித்துச் சொல்லும் புரோகிராமோடு பேசவேண்டும்" என்று கண்டிப்பாக ஒரு வரி எழுதினால் போதும். அதற்குத் தனிச் சட்டம் வேண்டாம்.

அதுவரை அந்தத் தங்கை என்ன செய்வது?

மூடுவதற்கு முன்பே 'கண்ட்ரோல்' சாவியோடு 'எஸ்' சாவியைத் தட்டிவிடவேண்டும். அது சேமிக்கும் சாவி. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றேதான். மேக்கில் மட்டும் 'கண்ட்ரோ'லுக்குப் பதில் 'கமாண்டு'.